பீரோவிலிருந்து கைக்கு: தகவல் நூல்களைப் பிள்ளைகளிடம் சேர்க்கும் வழி

தலைமை ஆசிரியர் அறையில் இரும்பு பீரோ ஒன்று இருக்கும். மேல்தட்டில் விளையாட்டுக் கோப்பைகள், ஒரு உலக உருண்டை. நடுத்தட்டிலும் கீழ்த்தட்டிலும் புத்தகங்கள். முதலில் அந்த பீரோவின் சாவியைக் கேட்டு வாங்குங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான்.

திறந்தால் நீதிக்கதைகளும் தெனாலிராமனும் முனை மடங்கிக் கிழிந்திருக்கும். பறவைகள், கிரகங்கள், மனித உடல், அணைக்கட்டுகள் பற்றிய புத்தகங்கள் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கும். பிள்ளைகளுக்கு அவை பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். யாரும் எடுத்து நீட்டவில்லை. நீட்டியவர்களும் பாடப்புத்தகத்தின் தம்பியைப் போல நீட்டியிருக்கிறார்கள்: படி, குறிப்பெடு, ஒப்பி. எந்தப் பிள்ளைக்குத்தான் இரண்டு பாடப்புத்தகம் வேண்டும்?

இந்த வகைக்குப் பலரும் சொல்லும் பெயர் 'கதையல்லாதவை'. என்ன இல்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. இங்கே 'தகவல் நூல்' என்றே சொல்கிறேன். வகுப்பில் அதுவும் வேண்டாம். 'பாம்புப் புத்தகம்', 'ரயில் புத்தகம்' என்று பொருளின் பெயராலேயே சொல்லுங்கள். பிள்ளைகள் அப்படித்தான் கேட்டு வருவார்கள்.

நினைவில் வைக்க வேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் ஒரு பொருள், அதிலிருந்து ஒரு கேள்வி, அதற்குப் பிறகு புத்தகம். இந்த வரிசை தலைகீழானால் எவ்வளவு நல்ல புத்தகமும் பாடமாகிவிடும்.

பீரோவைப் பிரித்து அடுக்குதல்

ஒரு சனிக்கிழமைக் காலை போதும். உதவிக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது.

1. எல்லாப் புத்தகங்களையும் வெளியே எடுத்து, திறந்த தாழ்வாரத்தில் பரப்புங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பழைய தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

2. துருப்பிடித்த பின்களைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். செல்லரித்தவற்றைத் தனியே வையுங்கள். நல்ல புத்தகங்களோடு சேர்த்தால் பூச்சி பரவும்.

3. கதை, பாட்டு, தகவல் என்று பிரியுங்கள். தகவல் நூல்களில் பதிப்பாண்டைப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும். ஆண்டே போடாத புத்தகம் என்றால் முன்னட்டையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இடுங்கள்.

4. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். மூன்று வரிக்குள் உங்களுக்கே மூச்சு முட்டினால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

5. படங்களுக்குக் கீழே விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை முதலில் படிப்பது படவிளக்கத்தைத்தான். படவிளக்கம் இல்லாத தகவல் நூல் அந்தப் பிள்ளைக்குக் கதவடைத்த வீடு.

6. மிஞ்சியவற்றிலிருந்து 15 புத்தகங்களை மட்டும் எடுங்கள். மீதியைத் திரும்ப அடுக்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றலாம்.

ஏன் 15? அதற்கு மேல் வைத்தால் பிள்ளைகள் புரட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குறைவாக இருந்தால்தான் ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். அந்தப் போட்டி நமக்கு வேண்டும்.

பீரோவில் 15 தேறாவிட்டால் மலிவாகச் சேர்க்க வழி உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல் வரிசையில் குறைந்த விலையில் தமிழ் நூல்கள் கிடைக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' மாத இதழின் பழைய பிரதிகள் நல்ல சேகரம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழில் உள்ள அறிவியல், இயற்கை நூல்களைக் கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்; அதற்கான உரிமத்தை அவர்களே தருகிறார்கள். அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைப் பழைய தாள்களோடு போட்டுவிடாமல் ஆண்டுவாரியாகத் தைத்து வையுங்கள்.

பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளில் ஏதாவது உங்கள் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் தொகுதி 1968-இல் வந்தது. பல தகவல்கள் பழையவை ஆகிவிட்டன. ஆனாலும் ஒரு கருத்தைப் பிள்ளைக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு இன்றும் நான் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

கொடியில் போடுங்கள்

முதுகு காட்டி நிற்கும் புத்தகத்தைப் பெரியவர்கள் எடுப்பார்கள், பிள்ளைகள் எடுக்கமாட்டார்கள். அட்டை தெரிய வேண்டும். வகுப்பறைச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு இடையே நைலான் கயிறு கட்டி, மெல்லிய புத்தகங்களைத் துணி கிளிப்பால் மாட்டிவிடலாம். கனமானவற்றை ஜன்னல் திண்டில் சாய்த்து வையுங்கள். கயிற்றின் உயரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சளவு இருக்கட்டும். கழுத்தளவில் கட்டவே கூடாது; ஓடிவரும் பிள்ளைக்கு ஆபத்து. நடைபாதைக்குக் குறுக்கேயும் கட்ட வேண்டாம், சுவரை ஒட்டியே இருக்கட்டும்.

*குறிப்பு:* ஒவ்வொரு புத்தகத்துக்கும் அருகில் அது சம்பந்தமான ஒரு பொருளை வையுங்கள். பறவைப் புத்தகத்தின் பக்கத்தில் உதிர்ந்து கிடந்த இறகு, பாறைகள் பற்றிய புத்தகத்தின் பக்கத்தில் ஆற்றங்கரைக் கூழாங்கல், நெசவுப் புத்தகத்தின் பக்கத்தில் ஒரு தறி நாடா. கை முதலில் பொருளுக்குப் போகும், அங்கிருந்து புத்தகத்துக்குப் போகும்.

காலைக் கூட்டத்தில் 90 விநாடி

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிப்பு, திருக்குறளுக்குப் பிறகு ஒன்றரை நிமிடம் கேட்டு வாங்குங்கள். வாரம் இரண்டு நாள் போதும்.

1. புத்தகத்தைத் தூக்கிக் காட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயரையும் சொல்லுங்கள். தகவல் நூலையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

2. ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு செய்தியைச் சொல்லுங்கள்.

3. அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். விடை சொல்லாதீர்கள். "இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

4. அந்தப் புத்தகத்தை உடனே கொடியில் மாட்டுங்கள். மதியம் வரை உங்கள் மேசையில் கிடந்தால் சூடு ஆறிவிடும்.

இரண்டு மாதம் கழித்து இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நன்றாகப் பேசும் பிள்ளையையே எப்போதும் ஏற்றாதீர்கள். வாசிப்பில் பின்தங்கிய ஒரு பையன் டிராக்டர் புத்தகத்தைப் பற்றி நான்கு வாக்கியம் பேசினால், அன்று அந்தப் புத்தகத்துக்கு வரிசை நிற்கும்.

ஒரு மாதிரி வகுப்பு: முசுறு

நூலகப் பாடவேளை ஒன்றுக்கு, 40 நிமிடத்துக்கு, நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு. பள்ளியிலோ பக்கத்திலோ மாமரம், கொய்யா, தென்னை எதிலாவது முசுறுக் கூடு இருக்கும். இலைகளைச் சேர்த்துத் தைத்தது போன்ற பச்சை உருண்டை. செம்பழுப்பு எறும்புகள் ஏறி இறங்கும்.

1. முதல் நாளே நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் நிற்கும் இடம் கூட்டிலிருந்து குறைந்தது ஐந்து அடி தள்ளி இருக்க வேண்டும். கிளையின் நேர்கீழே நிறுத்தாதீர்கள். முசுறு கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், சுரீரென்று எரியும்.

2. உங்களிடமுள்ள பூச்சிப் புத்தகத்தில் இந்த எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள். முசுறு, நெசவாளி எறும்பு, தையல்கார எறும்பு என்று எந்தப் பெயரிலும் இருக்கலாம். புத்தகத்தில் இல்லையென்றால், கீழே ஆறாவது படியில் உள்ள செய்தியைத் தாளில் எழுதி எறும்புகள் வரும் பக்கத்தில் செருகி வையுங்கள்.

3. வகுப்பு தொடங்கியதும் மரத்தடிக்கு. எட்டு நிமிடம் பார்க்க மட்டும். பேசலாம், தொடக்கூடாது.

4. திரும்பி வந்து, பார்த்ததில் புரியாத ஒன்றை ஒவ்வொருவரும் கேள்வியாகச் சொல்லட்டும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். "சார், அது இலையைக் கோந்து போட்டு ஒட்டுதா?", "உள்ளே ராணி இருக்கா?", "மழை வந்தா என்ன பண்ணும்?" எதையும் திருத்தாதீர்கள், பிழையான கேள்வி என்று எதையும் ஒதுக்காதீர்கள்.

5. ஒரு கேள்வியை நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தைக்க நூல் வேண்டுமே, எறும்புக்கு நூல் எங்கே கிடைத்தது?

6. இப்போது புத்தகம். நான்கு பேருக்கு ஒன்று. எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று அவர்களே பொருளடக்கத்தைப் பார்த்துத் தேடட்டும். அவர்கள் கண்டுபிடிக்கப்போவது இது: பெரிய எறும்புகளிடம் நூல் கிடையாது. சில எறும்புகள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கி இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துச் சேர்க்கும். வேறு சில தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, தறியில் நாடா ஓடுவது போல இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாற்றி மாற்றித் தொட வைக்கும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டு இழைதான் நூல். வேறு பல எறும்பினங்களில் புழு தனக்குக் கூடு கட்டிக்கொள்ள வைத்திருக்கும் இழையை, முசுறின் புழு ஊருக்கே கொடுத்துவிடுகிறது.

7. விடை கிடைத்த கேள்விக்கு நேரே பக்க எண்ணை எழுதுங்கள். விடை கிடைக்காதவற்றை அழிக்காமல் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஏழாவது படியை நேரமில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அடுத்த வாரம் பிள்ளையை நூலகத்துக்குப் போக வைப்பது அந்த விடை தெரியாத சார்ட்தான்.

பொருளடைவு செய்யும் விளையாட்டு

தமிழில் வரும் சிறுவர் தகவல் நூல்கள் பலவற்றில் பின்பக்கப் பொருளடைவு இருக்காது. இது குறைதான். அந்தக் குறையை நம் பிள்ளைகளை வைத்தே தீர்க்கலாம். 24 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஆளுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். முக்கியமான பெயர்ச்சொற்களைத் துண்டுச் சீட்டில் பக்க எண்ணோடு எழுதட்டும். பிறகு எல்லாச் சீட்டுகளையும் தரையில் அகரவரிசையில் அடுக்க வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. அ முதல் ஔ வரை எல்லோரும் சரியாக அடுக்குவார்கள். 'பகல்' முன்னால் வருமா 'பக்கம்' முன்னால் வருமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். புள்ளி வைத்த எழுத்துக்குத்தான் அகராதியில் முதலிடம். எனவே 'பக்கம்' முதலில். ழ, ள, ற, ன என்ற கடைசி வரிசையும் கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்னால் வரும் என்பதும் அன்று மனதில் பதிந்துவிடும். முடித்த பட்டியலைத் தாளில் எழுதிப் புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒட்டி, செய்தவர்கள் பெயரையும் போடுங்கள்.

பழைய புத்தகத்தைப் பிடி

ஆண்டு கடந்த புத்தகங்களை எடைக்குப் போடச் சொல்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் போடாதீர்கள். அச்சில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பும் பழக்கத்தை உடைக்க அவற்றைவிட நல்ல கருவி கிடையாது. ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்து, இன்று மாறிவிட்ட தகவலைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்கூட்டித் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை:

ஒன்பது கிரகம் என்று இருந்தால் அது 2006-க்கு முந்தைய புத்தகம்; அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் புளூட்டோ குறுங்கோள் ஆனது. சனியின் துணைக்கோள்களை 18 என்று எழுதிய புத்தகங்கள் உண்டு. 2025-இல் கணக்கு 274. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்றால் அது 2019-க்கு முந்தையது. மயிலாடுதுறை 2020-இல் சேர்ந்தபின் 38. சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டது என்பது அன்று சரி. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் கூனோவுக்கு வந்தன. நிலவின் தென்துருவப் பகுதியில் எந்த விண்கலமும் இறங்கியதில்லை என்று இருந்தால், 2023 ஆகஸ்ட் 23-க்குப் பிறகு அது செல்லாது. கீழடி என்ற பெயரே இல்லாத தமிழக வரலாற்று நூல்கள் உங்கள் பீரோவில் நிச்சயம் இருக்கும். அங்கே அகழாய்வு தொடங்கியதே 2014–15-இல்தான்.

கண்டுபிடித்த இடத்தில் பென்சிலால் சிறு நட்சத்திரமிட்டு, புதிய தகவலைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "பழைய ஆசிரியர் பொய் சொல்லிட்டாரா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பொய் சொல்லவில்லை, அன்று தெரிந்தது அவ்வளவு என்று விளக்குங்கள். எந்த ஆண்டு, யார் சொன்னது, எப்படித் தெரியும் என்ற மூன்று கேள்விகளையும் கைப்பேசியில் வரும் செய்திக்கும் கேட்கலாம் என்று அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

*சுருக்கம் எழுதி வரச் சொல்வது.* வாசிப்பைக் கொல்ல இதைவிட வேகமான வழி இல்லை. எழுத வைத்தே ஆக வேண்டுமென்றால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் நண்பனிடம் முதலில் வாயால் சொல்லட்டும். சொன்னதை எழுதட்டும். பார்த்து எழுதுவது தானாகவே நின்றுவிடும்.

*முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கக் கட்டாயப்படுத்துவது.* கதைக்கு அது சரி. தகவல் நூலில் பிள்ளை நடுவில் நுழைந்து, படம் பார்த்து, இரண்டு பக்கம் படித்துவிட்டு வைத்தாலும் அது வாசிப்புதான்.

*தடித்த கலைக்களஞ்சியத்தில் தொடங்குவது.* நானும் தொடக்கத்தில் இதைச் செய்தேன். கனத்தைப் பார்த்தே பிள்ளைகள் பின்வாங்கினார்கள். 16 பக்கம், 24 பக்கப் புத்தகங்களில் தொடங்குங்கள்.

*வினாடி வினாவுக்கு மட்டும் பயன்படுத்துவது.* தலைநகரம், நீளமான ஆறு என்று உதிரித் தகவலை மனப்பாடம் செய்யும் பழக்கம்தான் மிஞ்சும்.

*கிழிந்தால் அபராதம்.* கிழியட்டும். ஒட்ட ஒரு பசை டப்பாவும் டிஷ்யூ தாளும் கொடியின் அருகிலேயே இருக்கட்டும். செல்லோடேப் வேண்டாம்; சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும்.

*ஆண்பிள்ளைக்கு ராக்கெட், பெண்பிள்ளைக்குச் சமையல் என்று பிரித்துக் கொடுப்பது.* இதற்கு விளக்கம் தேவையில்லை. செய்யாதீர்கள்.

பாதுகாப்பு

*பாம்புப் புத்தகம்.* பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்பது இதுதான், நீங்கள் மிகவும் கவனமாகச் சோதிக்க வேண்டியதும் இதுதான். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, உறிஞ்சித் துப்பு என்று சொல்லும் பழைய நூல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் தவறு. அத்தகைய புத்தகத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். இதைப் 'பழைய புத்தகத்தைப் பிடி' விளையாட்டுக்கும் பயன்படுத்த வேண்டாம். சொல்லித்தர வேண்டியது: கடிபட்டவர் பதறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் படங்களைக் காட்டும்போதே, புத்தகத்தைப் பார்த்து அடையாளம் காண எந்தப் பாம்பின் அருகிலும் போகக் கூடாது என்று சொல்லுங்கள்.

*சோதனைப் புத்தகங்கள்.* எந்தச் சோதனையையும் முதலில் நீங்கள் வீட்டில் செய்து பாருங்கள். தீ, அமிலம், பிளேடு, வீட்டு மின்சாரம் வரும் பக்கங்களை, 'ஆசிரியர் மட்டும்' என்ற சீட்டோடு கிளிப் போட்டு வையுங்கள். சூரியனை வெறும் கண்ணாலோ தொலைநோக்கியாலோ பார்க்கக் கூடாது என்பதை வானியல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

*செடிகொடிகள்.* மூலிகைப் புத்தகம் படித்துவிட்டு வாயில் போட்டுப் பார்க்கும் பிள்ளை இருக்கும். அரளியும் ஊமத்தையும் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும். பார்க்கலாம், வரையலாம், வாயில் வைக்கக் கூடாது.

*உடல் பற்றிய புத்தகங்கள்.* தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்பே காட்டிப் பேசிவிடுங்கள். ஒளித்து வைக்க வேண்டாம். அதைப் படித்தபின் ஒரு பிள்ளை தனக்கு நடந்த ஏதோ ஒன்றை உங்களிடம் சொல்ல வரலாம். கேளுங்கள், நம்புங்கள், மற்றவர் முன்னால் கேள்வி கேட்காதீர்கள், 1098-ஐ அழையுங்கள்.

*பீரோவும் அலமாரியும்.* பிள்ளைகள் தட்டில் காலை வைத்து ஏறுவார்கள். சுவரோடு திருகாணி போட்டுப் பிணையுங்கள். அந்துருண்டை மிட்டாய் போல இருக்கும். பிள்ளைகள் எடுக்கும் தட்டில் போடாதீர்கள். காய்ந்த வேப்பிலை போதும்.

ஊர் நூலகத்தோடு இணைத்தல்

மாதந்தோறும் மாற்றி வைத்தாலும் உங்கள் பீரோவின் புத்தகங்கள் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ வகுப்பை அழைத்துப் போயிருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதல் வாங்கி, பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் போங்கள். விடை கிடைக்காத கேள்விகளின் சார்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நூலகரை முந்திய வாரமே பார்த்துப் பேசுங்கள். புத்தக முதுகில் இருக்கும் எண்ணைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள். டூயி முறையில் 520 வானியல், 580 தாவரங்கள், 590 விலங்குகள், 598 பறவைகள். "598-க்குப் போ" என்றால் பிள்ளை புதையல் தேடுவது போல ஓடும்.

நூலகத்தில் சிறுவர் தகவல் நூல்கள் குறைவாக இருந்தால் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். அதற்குப் பாடுபட்ட சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் புத்தகத்தின் பயன்பாட்டைத்தான் முதலில் வைத்தார். அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. எனவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை. வகுப்பின் கேள்விகளையே பட்டியலாக்கி, எந்தப் பொருளில் புத்தகம் வேண்டும் என்று குறித்து, பிள்ளைகள் கையெழுத்தோடு நூலகரிடம் கொடுங்கள். ஒரு நகலை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளோடு மறுபடியும் போய், என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்.